டேப் ரீஸ்டோரில் ரோபோ ஓயாமல் ஓடுகிறதா? டைரக்டரிகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். விண்டோஸ் ஃபைல் சர்வர் ஒன்றை ஐபிஎம்மின் டிஎஸ்எம் மென்பொருளை வைத்து வருடக்கணக்காக பேக்கப் எடுக்கிறீர்கள் (டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜராக இருந்து 2015-இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் ஆகி, இப்போது ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்று பெயர் மாறிவிட்டது, ஆனாலும் பேச்சில் எல்லோருக்கும் டிஎஸ்எம்தான்). எல்லாம் கடைசியில் எல்டிஓ என்ற காந்த நாடா கேசட்டுக்கு, அதாவது டேப்புக்குப் போகிறது. இப்போது ஒரு ஃபோல்டரை ரீஸ்டோர் செய்யப் போனால் டேட்டா கொஞ்சம்தான், ஆனால் டேப் லைப்ரரியின் ரோபோ டேப்பை மாற்றி மாற்றி டிரைவில் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. "டைரக்டரிகளுக்குத் தனி பூல் வையுங்கள், டிர்எம்சி போடுங்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். (பூல் என்பது பேக்கப் டேட்டாவைச் சேர்த்துவைக்கும் டிஸ்க் அல்லது டேப் தொகுப்பு. டிர்எம்சி என்பது டைரக்டரிகள், அதாவது ஃபோல்டர்கள், எந்த மேனேஜ்மென்ட் கிளாஸில், அதாவது எந்த விதித் தொகுப்பில் சேர வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன்.) போடலாமா, எப்படிப் போடுவது, எவ்வளவு இடம் ஒதுக்குவது?

போடலாம், உங்கள் நிலையில் போடத்தான் வேண்டும். ஆனால் டிர்எம்சி என்கிற அந்த ஒரு வரி இரண்டு விஷயங்களைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. டைரக்டரி எந்த பூலில் போய் உட்காரும் என்பது ஒன்று, எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விட்டதன் விளைவு அன்றைக்குத் தெரியாது, பல மாதம் கழித்து யாராவது பழைய தேதிக்கு ரீஸ்டோர் கேட்கும்போதுதான் தெரியும்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டிஎஸ்எம் முதல் நாள் எல்லாவற்றையும் எடுக்கும், அதற்கப்புறம் மாறியதை மட்டும்தான் எடுக்கும். வாரம் ஒரு முழு பேக்கப் என்பது இங்கே கிடையாது. அதனால் ஐந்து வருடத்துக்கு முன்னால் உருவாக்கி, பெர்மிஷன் எதுவும் மாறாமல் அப்படியே இருக்கிற ஒரு ஃபோல்டரின் பதிவு, அன்றைக்கு எந்த டேப்புக்குப் போனதோ அங்கேயேதான் இன்னமும் இருக்கும் (காலாவதியான டேட்டா நிறைந்த டேப்பைக் காலி செய்யும் ரீக்ளமேஷனில் வேறு டேப்புக்கு நகர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்). உள்ளே இருக்கும் ஃபைல்கள் நேற்றைய டேப்பில், அவற்றின் ஃபோல்டர் ஏதோ ஒரு பழைய டேப்பில், அதற்கு மேல் ஃபோல்டர் இன்னொன்றில். அவ்வப்போது முழு பேக்கப் எடுக்கும் மென்பொருள்களில் இந்தத் தொல்லை பெரிதாக வராததற்குக் காரணமும் இதுதான், அங்கே ஃபைலும் ஃபோல்டரும் ஒரே தொகுப்பு டேப்புகளில் கிடக்கும்.

யூனிக்ஸ்காரர்கள் "எங்களுக்கு இப்படி நடந்ததே இல்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். சாதாரண யூனிக்ஸ் டைரக்டரிக்கு ஓனர், குரூப், மோட், நேரம் இவ்வளவுதான் விவரம். அது டிஎஸ்எம் சர்வரின் டேட்டாபேஸ் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும், ஸ்டோரேஜ் பூல் பக்கமே போகாது. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) டைரக்டரி அப்படியல்ல. யாருக்கு என்ன அனுமதி என்ற ஏசிஎல் பட்டியல், ஓனர் விவரம் எல்லாம் சேர்ந்து டேட்டாபேஸ் பதிவில் அடங்காமல் தனிப் பொருளாக பூலுக்குப் போகும், அங்கிருந்து மைக்ரேஷனில் (ஒரு பூலிலிருந்து அடுத்த பூலுக்கு நகர்த்தும் வேலை) டேப்புக்குப் போகும். யூனிக்ஸிலும் ஏசிஎல், எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட் எல்லாம் போட ஆரம்பித்தால் இதே கதைதான்.

அளவைப் பார்த்தால் இது அபத்தமாகத் தெரியும். ஒரு டைரக்டரியின் விவரம் சில கிலோபைட்தான் இருக்கும். எல்டிஓ-8 டிரைவ் கம்ப்ரெஷன் இல்லாமலே நொடிக்கு 360 மெகாபைட் படிக்கும், அதாவது படிப்பதற்கு நேரமே ஆகாது. ஆனால் அந்தச் சில கிலோபைட்டுக்காக ரோபோ போய் டேப்பை எடுத்து வந்து, டிரைவில் ஏற்றி, இடம் தேடி ஓடி, படித்து, ரீவைண்ட் செய்து, திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது டேப் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் அதற்கே போய்விடும். அந்த நேரம் முழுக்கப் பயனருக்குப் புதிதாக ஒரு ஃபைல்கூட வந்திருக்காது.

சரி, உங்கள் ரோபோ ஓடுவதற்கு டைரக்டரிதான் காரணமா? இதை உறுதி செய்யாமல் பூல் கட்டாதீர்கள். ஏனென்றால் கொலோகேஷன் (ஒரு சர்வரின் டேட்டாவைச் சில டேப்புகளிலேயே சேர்த்துவைப்பது) இல்லாத பூலில் ஃபைல்களே இருநூறு டேப்பில் சிதறிக் கிடக்கலாம், அதற்கு டிர்எம்சி மருந்தல்ல. சோதிப்பது எளிது. அதே ஃபோல்டரை வேறொரு காலி இடத்துக்கு, டிர்ஸ்ஒன்லி என்ற ஆப்ஷனோடு, சப்டிர் எஸ் (subdir=yes, உள்ஃபோல்டர்களும் சேர) கொடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள். ஃபைல் எதுவும் வராது, வெறும் டைரக்டரி மரம் மட்டும் வரும். பக்கத்தில் டிஎஸ்எம் சர்வர் கன்சோலில் மவுன்ட்களை (எந்தெந்த டேப் டிரைவில் ஏறுகிறது என்பதை) பார்த்துக்கொண்டே இருங்கள். வெறும் மரத்துக்கே டேப் மேல் டேப்பாக ஏறினால் சந்தேகம் தீர்ந்தது. இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், ஏறுகிற டேப்புகளில் மிகப் பழையதை எடுத்து, அந்த நோடின் (டிஎஸ்எம்மில் பதிவான உங்கள் ஃபைல் சர்வரின்) பெயரைக் கொடுத்து க்வெரி கன்டென்ட் கமாண்டை ஓட்டுங்கள். ஃபைல் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெறும் ஃபோல்டர் பெயர்களாக வரும். பல டெராபைட் பிடிக்கும் டேப்பில் உங்கள் சர்வருக்குச் சொந்தமானது இருபது முப்பது ஃபோல்டர் மட்டும்தான் என்று பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்புக்கூட வரும்.

இன்னொரு அறிகுறி பேக்கப் பக்கத்தில் தெரியும். ஃபைல்கள் எல்லாம் டிஸ்க் பூலுக்குத்தான் போகின்றன, ஆனாலும் இரவில் கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் மெஷின்) செஷன் டேப்புக்காக மீடியா வெயிட்டில் (டேப் ஏறுவதற்கான காத்திருப்பில்) நிற்கிறது. எதற்கு டேப் கேட்கிறது என்று யாருக்கும் புரியாது. இது டிஎஸ்எம் உலகத்தின் பழைய மர்மம், விடை ரொம்ப எளிது. டிர்எம்சி எதுவும் சொல்லாவிட்டால், கிளையன்ட் டைரக்டரிகளை டிஃபால்ட் மேனேஜ்மென்ட் கிளாஸில் சேர்க்காது. செயலில் இருக்கும் பாலிசி செட்டில் (கிளாஸ்களின் தொகுப்பில்) எந்தக் கிளாஸுக்கு ரெட்ஒன்லி அதிகமோ, அதாவது அழிந்துபோன பொருளின் கடைசிப் பிரதியை எது அதிக நாள் வைத்திருக்கிறதோ, அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நோக்கம் நல்லதுதான், உள்ளே இருக்கும் எந்த ஃபைலுக்கும் முன்னால் அதன் டைரக்டரி காலாவதியாகிவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் போன மாதம் யாரோ கணக்குப் பிரிவுக்காக ஏழு வருட ரெட்டென்ஷனில் ஒரு கிளாஸ் உருவாக்கி, அதன் டெஸ்டினேஷனாக நேராக டேப் பூலைக் கொடுத்திருப்பார். அன்றிலிருந்து அந்த டொமைனில் (ஒரே பாலிசியில் வரும் நோட்களின் குழுவில்) இருக்கும் அத்தனை நோடின் டைரக்டரிகளும் அந்தக் கிளாஸுக்குத் தாவி, நேராக டேப்புக்குப் போக ஆரம்பித்திருக்கும். கணக்குப் பிரிவுக்குச் சம்பந்தமே இல்லாத மெயில் சர்வரும் அதில் அடக்கம். புதுக் கிளாஸ் எதையாவது பாலிசியில் சேர்க்கும்போதெல்லாம் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையே சாதகமாகத் திருப்பி, ரெட்ஒன்லியை நோலிமிட் (வரம்பில்லை) என்று வைத்து ஒரு கிளாஸ் உருவாக்கி, அதன் டெஸ்டினேஷனாக டைரக்டரி பூலைக் கொடுத்துவிட்டால், எந்த கிளையன்ட்டிலும் கை வைக்காமலே வேலை முடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். எனக்குப் பிடிக்காது. அழிந்த டைரக்டரி ஒவ்வொன்றின் கடைசிப் பதிவும் டேட்டாபேஸில் நிரந்தரமாகத் தங்கிவிடும். தினமும் புதுப் பெயரில் ஆயிரக்கணக்கில் டெம்ப் ஃபோல்டர் உருவாக்கி அழிக்கிற ஒரு அப்ளிகேஷன் சர்வர் இருந்தால் போதும், டேட்டாபேஸ் சும்மா சும்மா ஊதிக்கொண்டே போகும். (அந்த மாதிரி ஃபோல்டர்களை எக்ஸ்க்ளூட் டாட் டிர் போட்டு பேக்கப்பிலிருந்தே விலக்கிவிடுங்கள், அது தனிப் புண்ணியம்.)

அதனால் கிளாஸின் ஆயுளை இப்படி முடிவு செய்யுங்கள். அந்த டொமைனில் ஃபைல்களுக்கான கிளாஸ்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ரெட்எக்ஸ்ட்ரா (பழைய வெர்ஷன்களை வைத்திருக்கும் நாட்கள்), ரெட்ஒன்லி இரண்டிலும் மிக நீளமானது எது என்று பாருங்கள். டைரக்டரி கிளாஸ் அதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், கொஞ்சம் அதிகமாக இருந்தால் இன்னும் நல்லது. வெர்எக்ஸிஸ்ட்ஸ் (இருக்கிற பொருளுக்கு எத்தனை வெர்ஷன்), வெர்டிலீட்டட் (அழிந்த பொருளுக்கு எத்தனை வெர்ஷன்) இரண்டையும் நோலிமிட் ஆக்கிவிடுங்கள், எண்ணிக்கையை வைத்து வெட்ட வேண்டாம், நாட்களை வைத்து மட்டும் வெட்டட்டும். ஏனென்றால் டைரக்டரிக்கும் வெர்ஷன் உண்டு, பெர்மிஷன் மாறினால் புது வெர்ஷன். வெர்ஷன் எண்ணிக்கை இரண்டு என்று வைத்திருந்து, ஒரு வாரத்தில் மூன்று முறை பெர்மிஷன் மாறினால், மாத ஆரம்பத்தில் அந்த ஃபோல்டர் எப்படி இருந்தது என்ற பதிவே போய்விடும். அப்புறம் பாயின்ட்-இன்-டைம் ரீஸ்டோருக்கு வரைகலைத் திரையைத் திறந்து அந்தத் தேதியைக் கொடுத்தால் ஃபோல்டரே தெரியாது, ஃபோல்டர் தெரியாததால் உள்ளே இருக்கும் ஃபைல்களும் தெரியாது. ஃபைல்கள் சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கும், கமாண்ட் லைனில் பாதையைக் கொடுத்துக் கேட்டால் வரவும் வரும். ஆனால் திரையை மட்டும் பார்த்து "பேக்கப்பே இல்லை" என்று கை விரித்தவர்கள் உண்டு. அப்படி வந்தாலும் ஃபோல்டர் பழைய ஏசிஎல்லோடு வராது, டிஃபால்ட் பெர்மிஷனோடு ஒரு பதிலி ஃபோல்டராகத்தான் உருவாகும்.

இனி பூல். இரண்டு வகை இருக்கிறது. ரேண்டம் அக்சஸ் டிஸ்க் பூல் ஒன்று, டிஸ்கிலேயே இருக்கிற ஆனால் டேப் மாதிரி வரிசையாக எழுதப்படும் ஃபைல் டிவைஸ் கிளாஸ் பூல் இன்னொன்று. டைரக்டரிக்கு நான் ஃபைல் டிவைஸ் கிளாஸைத்தான் சொல்வேன். காரணம் காப்பி பூல் (பாதுகாப்புக்காக எடுத்துவைக்கும் இரண்டாவது பிரதி). ரேண்டம் டிஸ்க் பூலை பேக்கப் ஸ்டோரேஜ் பூல் கமாண்டால் காப்பி எடுக்கும்போதெல்லாம் சர்வர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் "இது காப்பி ஆகிவிட்டதா" என்று பார்த்தாக வேண்டும். சாதாரண டிஸ்க் பூல் தினமும் டேப்புக்குக் காலியாகிவிடும், அங்கே இது தெரியாது. டைரக்டரி பூலோ காலியாகவே ஆகாது, லட்சக்கணக்கான குட்டிப் பொருள்கள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். நேற்று சேர்ந்தது ஐநூறு என்றாலும் முப்பது லட்சத்தையும் தினமும் சரிபார்க்கும். வரிசைப் பூலில் இந்தச் சரிபார்ப்பு மிகக் குறைவு.

ஃபைல் டிவைஸ் கிளாஸில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வால்யூமில் (பூலுக்குள் ஒரு டேப் மாதிரி இருக்கும் ஃபைல்) ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் எழுத முடியும். இரவு பத்து மணிக்கு அறுபது நோட்கள் ஒன்றாக பேக்கப் ஆரம்பித்தால் அறுபது வால்யூம், அறுபது மவுன்ட் பாயின்ட் வேண்டும். டிவைஸ் கிளாஸின் மவுன்ட்லிமிட்டை (ஒரே நேரத்தில் எத்தனை வால்யூம் திறக்கலாம் என்ற வரம்பை) கவனிக்காமல் விட்டால் பாதி நோட்கள் வரிசையில் நிற்கும். அப்போது "டிஸ்கில்தானே இருக்கிறது, எதற்கு மவுன்ட்டுக்குக் காத்திருக்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு நோடுக்கும் தனியாக மேக்ஸ்நம்எம்பி என்ற மவுன்ட் பாயின்ட் வரம்பும் இருக்கிறது, டிஃபால்ட் 1. கிளையன்ட் பல செஷன்களில் அனுப்பும்படி வைத்திருந்தால் அதையும் உயர்த்த வேண்டும். நோட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் முன்னால் சின்னதாக ஒரு ரேண்டம் டிஸ்க் பூல், அதன் நெக்ஸ்ட் பூலாக ஃபைல் டிவைஸ் கிளாஸ் பூல் என்று இரண்டு அடுக்காக வைத்துவிடுங்கள். இரவில் முன் பூலில் இறங்கும், காலையில் பின் பூலுக்கு மைக்ரேட் ஆகும், இரண்டு வகையின் நல்லதும் கிடைத்துவிடும்.

எந்த அமைப்பாக இருந்தாலும் கடைசி பூலுக்கு நெக்ஸ்ட் பூலாக டேப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். "நிரம்பிவிட்டால் என்ன செய்வது, ஒரு பாதுகாப்புக்கு" என்று கொடுப்பார்கள். மைக்ரேஷன் எல்லையைத் தொட்ட அன்றைக்கு, நீங்கள் சேர்த்துவைத்த எல்லாம் திரும்ப டேப்புக்குப் போய்விடும், அதுவும் சத்தமே இல்லாமல். நிரம்பி பேக்கப் ஃபெயில் ஆனால் மறுநாள் காலையிலேயே யாராவது கவனிப்பார்கள், அதுவே மேல்.

இடத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சர்வர்களில் மொத்தம் எத்தனை ஃபோல்டர் என்று எண்ணுங்கள். ஐம்பது லட்சம் என்று வைத்துக்கொள்வோம், ஒன்றுக்குத் தாராளமாக 4 கிலோபைட் போட்டாலும் 20 ஜிகாபைட்தான். வெர்ஷன்கள், ரீக்ளமேஷனுக்கான காலி இடம் எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு வைத்தாலும் இன்றைய டிஸ்க் விலையில் கணக்கிலேயே வராது. பூல் ஓட ஆரம்பித்ததும் க்வெரி ஆக்யுபன்ஸியில் நோட் வாரியாக எண்ணிக்கையும் அளவும் வந்துவிடும், அதை வைத்து மறுபடி கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வால்யூம் அளவை ஒன்று இரண்டு ஜிகாபைட்டாகச் சிறிதாகவே வையுங்கள், அறுபது வால்யூம் ஒரே நேரத்தில் பாதி நிரம்பிக் கிடக்கும்போது பெரிய வால்யூம் வெறும் வீண். ரீயூஸ் டிலேயை (காலியான வால்யூமை மறுபடி பயன்படுத்தும் முன் காத்திருக்கும் நாட்களை) டேட்டாபேஸ் பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்களோ அத்தனை நாளுக்கு வையுங்கள், மற்ற வரிசைப் பூல்களுக்குச் செய்வது போலத்தான்.

கிளையன்ட் பக்கத்தில் விண்டோஸ் என்றால் டிஎஸ்எம் டாட் ஆப்ட், யூனிக்ஸ் என்றால் டிஎஸ்எம் டாட் சிஸ், அதில் டிர்எம்சி என்று போட்டுக் கிளாஸ் பெயர். ஒவ்வொரு மெஷினாகப் போய் மாற்றுவதைவிட, சர்வரில் ஒரு கிளையன்ட் ஆப்ஷன் செட் உருவாக்கி அதில் டிர்எம்சியை ஃபோர்ஸ் எஸ்ஸோடு சேர்த்து, நோட்களை அந்தச் செட்டில் இணைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் புதுக் கிளாஸில் பேக்கப் காப்பி குரூப் (வெர்ஷன், நாட்கள், டெஸ்டினேஷன் ஆகியவற்றைச் சொல்லும் பகுதி) இருக்கிறதா, பாலிசி செட்டை ஆக்டிவேட் செய்தீர்களா என்று பாருங்கள். ஆக்டிவேட் செய்ய மறந்துவிட்டு ஒரு வாரம் தேடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

இப்போது பலர் சறுக்கும் இடம். டிர்எம்சி போட்டாயிற்று, மறுநாள் இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) ஓடிற்று, லாகில் இத்தனை லட்சம் பொருள்கள் ரீபைண்ட் ஆகின என்று வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ரீபைண்ட் என்பது டேட்டாபேஸில் "இனி இந்தக் கிளாஸின் விதிப்படி" என்று எழுதிக்கொள்வது மட்டும்தான். பொருள் ஒரு அங்குலம்கூட நகராது, டேப்பில் இருந்தது டேப்பிலேயே இருக்கும். புதுப் பூலில் புது டைரக்டரிகளும் மாறிய டைரக்டரிகளும் மட்டும்தான் வந்து சேரும். நீங்கள் அடுத்த ரீஸ்டோரைச் செய்து பார்த்து "ஒன்றும் மாறவில்லையே" என்பீர்கள். ஆகவே ஃபைல் சர்வரின் ஒவ்வொரு டிரைவுக்கும் (சி, டி போன்றவை) ஒருமுறை டிர்ஸ்ஒன்லி, சப்டிர் எஸ் இரண்டும் கொடுத்து செலக்டிவ் பேக்கப் ஓட்டிவிடுங்கள். மாறியதா இல்லையா என்று பார்க்காமல் எல்லா டைரக்டரிகளையும் மறுபடி அனுப்பும், அவை புதுப் பூலில் இறங்கும், பழையவை இன்னாக்டிவ் வெர்ஷன்களாகி நாளடைவில் காலாவதியாகும். எல்லா நோடையும் ஒரே இரவில் ஓட்டாமல் நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அழிந்துபோன டைரக்டரிகளை கிளையன்ட் பார்க்கவே முடியாது என்பதால் அவை ரீபைண்டும் ஆகாது, நகரவும் நகராது. பழைய கிளாஸின் விதிப்படியே போய்ச் சேரும், அவற்றை விட்டுவிடுங்கள்.

காப்பி பூலைப் பொறுத்தவரை டைரக்டரிக்கென்று தனி டேப் காப்பி பூல் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தினமும் சில மெகாபைட்டுக்காக ஒரு டேப் ஏறி, அது கிட்டத்தட்டக் காலியாகவே ஆஃப்சைட் போகும். மற்ற டேட்டாவின் காப்பி பூலுக்கே அனுப்புங்கள். ஆனால் அங்கே அவை மறுபடி எல்லா டேப்பிலும் தூவிக் கிடக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே டிசாஸ்டர் ரிகவரி திட்டத்தில் டேட்டாபேஸ் எழுந்து நின்றதும் முதல் வேலையாக டைரக்டரி பூலை ரீஸ்டோர் ஸ்டோரேஜ் பூல் மூலம் டிஸ்குக்குக் கொண்டுவருவதை எழுதிவையுங்கள். எல்லா ஆஃப்சைட் டேப்பும் ஒருமுறை ஏறும், ஆனால் ஒரே ஒருமுறைதான். இதைச் செய்யாமல் நேராக கிளையன்ட் ரீஸ்டோரை ஆரம்பித்தால் ஒவ்வொரு சர்வருக்கும் அதே ஊர்வலம் நடக்கும்.

இதெல்லாம் வருங்காலத்துக்கு. இன்றைக்கே ரீஸ்டோர் பாதியில் நிற்கிறது, ஆட்கள் தலைக்கு மேல் நிற்கிறார்கள் என்றால், ஃபைல்ஸ்ஒன்லி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். டேப்பிலிருந்து டைரக்டரிப் பதிவுகளைக் கேட்காமல், தேவையான ஃபோல்டர்களை டிஃபால்ட் பெர்மிஷனில் உருவாக்கி ஃபைல்களை மட்டும் கொண்டுவரும். விண்டோஸில் இது கொஞ்சம் ஆபத்து. சம்பளப் பட்டியல் இருக்கிற ஃபோல்டரும் அதே டிஃபால்ட் பெர்மிஷனில்தான் வந்து நிற்கும். ஷேரைத் திறந்துவிடாமல், அவசரமாகக் கேட்டவருக்கு வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் டிர்ஸ்ஒன்லி ரீஸ்டோரை ஓட்டி, பெர்மிஷன்கள் திரும்பி வந்துவிட்டனவா என்று முக்கியமான ஃபோல்டர்களில் கண்ணால் பார்த்த பிறகுதான் ஷேரைத் திறக்க வேண்டும். அவசரம் அவ்வளவு இல்லையென்றால் தலைகீழாகச் செய்யுங்கள், முதலில் டிர்ஸ்ஒன்லி, மரம் ஏசிஎல்லோடு நிற்கட்டும், அப்புறம் ஃபைல்ஸ்ஒன்லி.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏசிஎல் இல்லாத யூனிக்ஸ் மெஷின்களுக்கு இடம் என்ற காரணத்துக்காக வேண்டாம், ஆயுள் காரணத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். விர்ச்சுவல் மெஷின்களை முழு இமேஜாக எடுத்தால் அங்கே டைரக்டரி என்ற தனிப் பொருளே இல்லை. நோட் வாரியாகக் கொலோகேஷன் செய்து ஒரு சர்வரின் எல்லாமே இரண்டு மூன்று டேப்பில் இருந்தால் பெரிய லாபம் இருக்காது. டைரக்டரி-கன்டெய்னர் பூலுக்கு மாறிவிட்டவர்களுக்கும் வேண்டாம், அங்கே முதன்மைப் பிரதியே டிஸ்கில்தான் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த "டைரக்டரி" சர்வர் தன் கன்டெய்னர்களைப் போட்டுவைக்கும் இடம். உங்கள் ஃபைல் சர்வரின் ஃபோல்டர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, டிர்எம்சியின் டெஸ்டினேஷனாகக் கொடுப்பதற்கென்று ஒரு கன்டெய்னர் பூலைப் புதிதாகக் கட்ட வேண்டியதும் இல்லை.